நாலு வகுப்பறையும் ஒரு வைப்பு நிதியும்

வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கடற்கரைப் பங்குகளிலிருந்து (ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ மக்கள் சமூகம்தான் பங்கு) கத்தோலிக்கப் பள்ளிகளின் கட்டட நிதி, அறக்கட்டளை நிதி பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பங்கில் உள்ளது அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. நாலு வகுப்பறை, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 60 லட்சம் ஆகும் என்கிறார் பொறியாளர். பங்கில் 600 குடும்பங்கள். வீட்டுக்கு 10,000 ரூபாய் வரி போட்டால் கணக்கு முடிந்தது என்று பேரவையில் பேசுகிறார்கள். இது சரிவருமா?
— பங்குப் பேரவை உறுப்பினர், பாம்பன்

பதில்: வராது. இரண்டு விசைப்படகு வைத்திருப்பவருக்கும், கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் விதவைத் தாய்க்கும் ஒரே 10,000 என்றால், அந்தத் தாய்க்கு அது கடன். படகுக்காரருக்கோ அது தப்பிக்கும் வழி. ஐந்து லட்சம் கொடுக்க மனமும் வசதியும் உள்ளவர்கூட ‘ஊர் வரி கட்டியாச்சு’ என்று 10,000-த்தோடு நின்றுவிடுவார். சமமாகப் பிரித்த எந்தக் கட்டட நிதியும் பாதியில் தொங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

முதலில் தொகையைச் சரிபார்ப்போம். அந்த 60 லட்சத்தில் ஒப்பந்தக்காரருக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா? மண் அடித்து மேடாக்குவது, மின் இணைப்பு, செப்டிக் டேங்க், பெஞ்சு, டெஸ்க், வரைபட அனுமதிக் கட்டணம்? பொறியாளரின் முதல் தாளில் இவை பெரும்பாலும் இருக்காது. தீவுக்குள் வேலை என்றால் ஜல்லியும் மணலும் பாலம் கடந்து வர வேண்டும். கலவைக்கு நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். இவற்றையெல்லாம் எழுதச் சொல்லி, அதற்கு மேல் பத்து விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கு வைத்த பிறகு வரும் எண்ணே உங்கள் இலக்கு. உங்கள் 60 லட்சம் இத்தனையும் அடங்கியது என்றே வைத்துக்கொண்டு மேலே பேசுகிறோம்.

அதோடு வைப்பு நிதியாக இன்னொரு 15 லட்சத்தையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை. அரசு மானியம் ஆசிரியர் சம்பளத்துக்கு வருகிறது. சுவரும் கூரையும் நிர்வாகத்தின் தலையில். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காடாவது பராமரிப்புக்கு வேண்டும்: 60 லட்சத்துக்கு 90,000 ரூபாய். 15 லட்சம் வங்கியில் ஆறரை விழுக்காட்டில் இருந்தால் வட்டி 97,500. அதில் பாதியை மூலதனத்தோடு சேர்த்துவிட்டு மீதிப் பாதியை எடுத்தாலே பராமரிப்பில் சரிபாதி கிடைத்துவிடும். மற்ற பாதியை நிர்வாகம் தேடிக்கொள்ளலாம். கட்டி முடித்த பிறகு ‘பெயின்ட் அடிக்கக் காசு கொடுங்கள்’ என்று போனால் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். கட்டடம் என்ற ஆசை ஊரில் உயிரோடு இருக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

ஆக இலக்கு 75 லட்சம். அது வரக்கூடிய ஒரு வழியைப் பாருங்கள். பத்து லட்சம் தருபவர் ஒருவர். ஐந்து லட்சம் தருபவர் இருவர். இரண்டு லட்சம் ஆறு பேர், ஒரு லட்சம் பத்துப் பேர். இந்த 19 பேரிடமிருந்து 42 லட்சம். ஐம்பதாயிரம் தரும் 20 பேரிடம் பத்து லட்சம். பங்கில் 400 குடும்பங்கள் சராசரி 3,000 கொடுத்தால் 12 லட்சம். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் 220 பேர் ஆளுக்கு 5,000 கொடுத்தால் 11 லட்சம். மேலே இருக்கும் 39 பேர் கையில்தான் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. ஒரு பெரிய தொகை கிடைக்க மூன்று பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் 19 இடத்துக்கு ஏறக்குறைய 60 பெயர் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அந்த 60 பெயரை எழுத முடியவில்லை என்றால் இலக்கைக் குறையுங்கள். இரண்டு வகுப்பறையும் கழிப்பறையும் முதல் கட்டம் என்று வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கும் வரிசையும் முக்கியம். பேரவை உறுப்பினர்களும் பள்ளிக் குழுவும் முதலில் தங்கள் தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பெரிய தொகைக்காரர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். இரண்டு பேராகப் போங்கள்; அதில் ஒருவர் ஏற்கெனவே கொடுத்தவராக இருக்கட்டும். ‘உங்களால் முடிந்ததை’ என்று கேட்காதீர்கள். ‘ஒரு வகுப்பறையின் தரை, கதவு, சன்னல் வேலைக்கு இரண்டு லட்சம், அதை நீங்கள் ஏற்க வேண்டும்’ என்று தொகையைச் சொல்லிவிட்டு, அவர் பேசும்வரை சும்மா இருங்கள். இலக்கில் பாதி உறுதியான பிறகுதான் பூசையில் அறிவிக்க வேண்டும். பாதி கிணறு தாண்டியிருக்கிறது என்று தெரிந்தால்தான் சிறு தொகைக்காரர்களும் நம்பிக்கையோடு வருவார்கள்.

காலத்தையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் விசைப்படகுக்காரரின் பணம் படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதில் போய்விடும். படகில் போகும் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிவதே பாடு. வாடைக்காற்று மாதங்களில் புயல் எச்சரிக்கையால் எத்தனை நாள் கடலுக்குப் போக முடியும் என்பதே தெரியாது. தடை நீங்கிய பிறகு வரும் மாதங்களே கேட்கத் தகுந்தவை. சிறு படகுக்காரர்களிடம் மொத்தமாகக் கேட்காமல், கடலுக்குப் போன நாளுக்கு 50 ரூபாய் என்று அவர்களே சங்கத்தில் பேசி முடிவு செய்தால் 120 நாளில் 6,000 சேரும். மகமை (வருமானத்தில் சிறு பகுதியைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவது) பழக்கம் உள்ள ஊர்களில் இதை விளக்கவே தேவையில்லை. ஒன்று மட்டும்: சங்கத்தின் பெயரில் ஒரே ரசீது போடாமல், படகுக்காரர் ஒவ்வொருவர் பெயரிலும் மாதாமாதம் ரசீது போடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

அடிக்கல் நாட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கையில் பத்து லட்சத்தோடு தொடங்கி, தூண் எழுப்பி, பணம் தீர்ந்து நின்றுவிட்டால், தூணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் செதில் செதிலாகத் துரு உதிர்க்கும். பிறகு அந்தக் கம்பியின் மேல் கட்டுவதும் பாவம், வெட்டிப் போடுவதும் நட்டம். 60 விழுக்காடு ரொக்கமாக வங்கியில், மீதி எழுத்தில் என்ற நிலை வரும்வரை கடைக்கால் தோண்ட வேண்டாம். எழுத்தில் இருப்பதில் நூற்றுக்கு 80 வரும் என்றே கணக்கு வையுங்கள்.

கேட்கக் கிளம்புவதற்கு முன் அனுமதிகளைப் பார்த்துவிடுங்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இடம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். கட்டுமானத்துக்கே இடமில்லை என்று வரையறுத்த பகுதியிலும், உள்ளூர் மக்களுக்கான பள்ளி, மருந்தகம் போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அனுமதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கு நாளாகும். பணம் வாங்கிய பிறகு அனுமதிக்காக ஒன்றரை வருடம் காத்திருந்தால், ஊரில் என்ன பேச்சு எழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கோயில் வாசலில் ‘பள்ளிக் கட்டட நிதி’ என்று எழுதி உண்டியல் வைத்திருக்கிறோம். நன்கொடையாளர் சிலர் வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது கேட்கிறார்கள். ஒரு படகு உரிமையாளர் மூன்று லட்சத்தை ரொக்கமாகவே தர வருகிறார். எதை எப்படிச் செய்வது?
— பள்ளித் தாளாளர், மூக்கையூர்

பதில்: அருள்தந்தை அவர்களே, அந்த உண்டியலை முதலில் எடுத்துவிடுங்கள். கோயில் காணிக்கை என்று பெயர் தெரியாமல் வருவதற்கு வரிச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதே பெட்டியில் ‘பள்ளிக்கு’ என்று எழுதிவிட்டால், கல்வி நிறுவனத்துக்கென்றே குறித்துத் தந்த பெயரற்ற நன்கொடை ஆகிவிடும். அப்படி வருவதில் ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் ஐந்து விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30 விழுக்காடு வரி. ஏழைத் தாய் போட்ட நூறு ரூபாயில் முப்பது அரசுக்குப் போவதை யாரும் விரும்ப மாட்டோம். பெட்டிக்குப் பதில் அன்பியம்தோறும் (பங்கில் சில குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) ஒரு ரசீதுப் புத்தகம் கொடுங்கள். தந்தவரின் பெயரும் முகவரியும் அடிக்கட்டையில் இருந்தால் போதும், அது பெயரற்ற நன்கொடை அல்ல.

ரசீது யார் பெயரில் என்பதில் பலர் தவறுகிறார்கள். பள்ளியின் உரிமை பெரும்பாலும் மறைமாவட்டச் சங்கத்திடமோ துறவற சபையின் சங்கத்திடமோ இருக்கும். பங்கின் கணக்கு வேறு, அந்தச் சங்கத்தின் கணக்கு வேறு. பள்ளியை நடத்தும் சங்கத்தின் பெயர், பான் எண், 80ஜி பதிவெண் மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். பணமும் அந்தச் சங்கத்தின் பெயரில் இதற்கென்றே திறந்த கணக்கில் விழ வேண்டும். பங்கின் கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றினால் வரிச் சான்று தர முடியாது. அந்தக் கணக்கிலிருந்து சிற்றாலயம் கட்டுவதோ திருவிழாச் செலவோ கூடாது. 80ஜி பெற்ற நிறுவனம் ஆண்டு வருமானத்தில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சமயக் காரியத்துக்குச் செலவிட்டால் அந்தப் பதிவுக்கே ஆபத்து.

நன்கொடையாளரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வரிக் கழிவு, கொடுத்த தொகையில் பாதிக்குத்தான். 20 விழுக்காடு வரி கட்டுபவர் 10,000 கொடுத்தால், 5,000 வருமானத்தில் கழிந்து, மிச்சமாவது 1,000 ரூபாய்ச் சொச்சம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. இன்று சம்பளக்காரர் பலர் அந்த முறையில்தான் இருக்கிறார்கள். ‘வரி மிச்சமாகும்’ என்று சொல்லி வாங்கிவிட்டு, ஜூலையில் அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த முறை அவர் கதவைத் திறக்க மாட்டார். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீது அச்சடிக்கும் முன் தணிக்கையாளரிடம் வாசகத்தைக் காட்டிவிடுங்கள்.

மூன்று லட்சம் ரொக்கத்தை வாங்காதீர்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே காரியத்துக்கோ இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவர் மீது. இரண்டு நாளாகப் பிரித்து ரசீது போட்டாலும் காரியம் ஒன்றுதானே. அவருடைய கணக்கில் அவரே கட்டிவிட்டுக் காசோலையாகத் தரச் சொல்லுங்கள். மீன் வியாபாரம் ரொக்கத்தில் நடப்பது. அவர் அதைத் தப்பாக எண்ணிச் செய்யவில்லை. பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்பார்.

நிதி திரட்டல் மூன்று ஆண்டு நடக்கும் என்றால் இன்னொரு விஷயம். வந்த பணத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே செலவிட்டாக வேண்டும் என்பது பொது விதி. செலவிடாமல் சேர்த்து வைக்க, இன்ன காரியத்துக்கு, இத்தனை ஆண்டுக்கு என்று தீர்மானம் போட்டு, உரிய படிவத்தை நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. மார்ச் மாதத்திலேயே தணிக்கையாளரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: 1994-இல் என் தகப்பனார் பெயரில் பள்ளிக்கு 10,000 ரூபாய் கொடுத்தோம். பத்தாம் வகுப்பில் முதல் மாணவருக்கு ஆண்டுதோறும் பரிசு. அன்று 12 விழுக்காடு வட்டியில் 1,200 ரூபாய் கிடைத்தது. இன்று 650 ரூபாய். இப்போது அம்மா நினைவாக ஐந்து லட்சம் தர எண்ணுகிறேன். இதுவும் அப்படிக் கரைந்துபோகாமல் இருக்க என்ன வழி?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தங்கச்சிமடம்

பதில்: அம்மா, உங்கள் தகப்பனார் பெயரிலான தொகையை யாரும் எடுத்துவிடவில்லை. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டதுதான் கரைந்ததற்குக் காரணம். மூலதனம் நின்ற இடத்திலேயே நின்றது, விலைவாசி நடந்துகொண்டே இருந்தது.

ஐந்து லட்சத்தை வைத்துப் பார்ப்போம். ஆறரை விழுக்காட்டில் ஆண்டு வட்டி 32,500. முழுவதையும் செலவிட்டால் இருபது ஆண்டு கழித்தும் அதே 32,500. விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறினால் அன்றைக்கு அதன் மதிப்பு இன்றைய 12,250 ரூபாய்தான். அப்படியில்லாமல், பாதியான 16,250-ஐ மட்டும் செலவிட்டு மறு பாதியை மூலதனத்தில் சேர்த்துக்கொண்டே போனால், இருபதாம் ஆண்டு முடிவில் மூலதனம் ஒன்பதரை லட்சத்தை நெருங்கும். அப்போது பாதி வட்டியே ஏறக்குறைய 30,800. முதலில் கை சற்றுக் குறுகுகிறது, ஆனால் உங்கள் அம்மாவின் பெயரில் ஒரு பிள்ளையின் படிப்பு 2045-இலும் நடக்கும்.

இதைப் பேச்சில் விடாமல் ஒரு பக்க ஆவணமாக எழுதுங்கள். ‘இத்தொகை மூலதன நிதியாகவே வைக்கப்பட வேண்டும்’ என்ற வரி உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். இந்த வரி இல்லாவிட்டால் பள்ளிக் கணக்கில் அது சாதாரண நன்கொடை. அந்த ஆண்டே செலவிட வேண்டிய பணம். இந்த வரி இருந்தால் மூலதனமாக ஏற்று, வரிச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் வைக்க வேண்டும்: வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுக் கடன் பத்திரம் போன்றவை. வியாபாரியிடம் நல்ல வட்டிக்கு விடுவது, சீட்டுப் போடுவது, நகையாக வாங்கி வைப்பது, மூன்றுமே கூடாது. கடற்கரையில் வட்டிக்கு விடும் ஆசை காட்டுபவர் எப்போதும் இருப்பார். முதலாளி பேரில் நம்பிக்கை இருந்தாலும் வேண்டாம். வங்கியிலும்கூட ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு என்பதால், சிறிய வங்கியில் முழுவதையும் போடாதீர்கள்.

நோக்கத்தை அளவுக்கு மீறி இறுக்கி எழுதாதீர்கள். ‘பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் மதிப்பெண்’ என்று எழுதினால், பாடத்திட்டமோ வகுப்போ மாறும்போது பணம் முடங்கும். ‘மீனவர் குடும்பத்து மாணவியின் படிப்புச் செலவு, அது இயலாதபோது அதே பள்ளியில் வேறு ஏழை மாணவரின் படிப்பு, பள்ளியே இல்லாமல் போனால் மறைமாவட்டத்தின் வேறொரு கடற்கரைப் பள்ளி’ என்று படிப்படியாக எழுதுங்கள். யார் தேர்ந்தெடுப்பது என்பதையும் எழுதுங்கள்: தலைமை ஆசிரியர், தாளாளர், பெற்றோர் ஒருவர். உங்கள் குடும்பத்தினர் தேர்வில் உட்கார வேண்டாம். ஆண்டுதோறும் வைப்புச் சான்றின் நகல் ஒன்று உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பங்குத்தந்தை மாறுவார், தலைமை ஆசிரியர் ஓய்வு பெறுவார். அந்த நகல்தான் அடுத்தவருக்கு இப்படி ஒரு நிதி இருப்பதையே நினைவுபடுத்தும்.

திருச்சபைச் சட்டமும் உங்கள் பக்கமே. ஒரு நோக்கத்துக்கென்று விசுவாசிகள் தந்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது 1267-ஆம் எண். தந்தவரின் விருப்பத்தை மிகக் கவனமாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது 1300-ஆம் எண். விசுவாசிகள் தந்தவற்றுக்கு அவர்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287. கணக்குக் கேட்பதைக் குறை சொல்வதாக எந்த அருள்தந்தையும் எண்ண வேண்டியதில்லை.

பழைய 10,000-ஐயும் புதிய நிதியோடு இணைக்கலாம். ‘தந்தையும் தாயும்’ என்று ஒரே நிதியாக எழுதிவிட்டால் இரண்டு பெயரும் நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒருவர் கனடா குடியுரிமை பெற்றுவிட்டார். தலைமன்னாரில் உறவுகள் உண்டு. எல்லோரிடமும் வாட்ஸ்ஆப்பில் சேர்த்து ஒருவர் கணக்கில் போட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா?
— முன்னாள் மாணவர், தொண்டி

பதில்: அப்படி அனுப்பவே கூடாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் உழைத்த தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பள்ளிச் சங்கத்தின் சாதாரணக் கணக்கிலேயே வாங்கலாம். கனடா குடியுரிமை பெற்றவர் தொண்டியில் பிறந்தவராக இருந்தாலும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். தலைமன்னார் உறவும் அப்படியே. அவர்களிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும், அந்தப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். பதிவு பெற்ற வேறொரு சங்கம் வாங்கி உங்கள் பள்ளிச் சங்கத்துக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

எல்லோர் பணமும் ஒருவர் கணக்கில் கலந்துவிட்டால் எது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. சிக்கல் வருவது அனுப்பிய பிள்ளைக்கு அல்ல, பள்ளிக்கு. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தங்கள் கணக்கிலிருந்து அனுப்பட்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் ‘இது என் சொந்தச் சேமிப்பு’ என்ற ஒரு வரிக் கடிதமும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடாக்காரர் ஊருக்கு வரும்போது இந்திய ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தை வைப்பு நிதிக்கு வாங்கலாமா?
— பள்ளி அலுவலர், மண்டபம்

பதில்: முடியாது. ஒரு நிறுவனத்தின் மூலதன நிதிக்குத் தருவது 2021 முதல் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. கழிப்பறை, ஆய்வகம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, சோலார் இவற்றுக்குக் கேளுங்கள். வைப்பு நிதியை ஊர்க்காரர்களிடமும் பழைய மாணவர்களிடமும் வாங்குங்கள். சங்கத்துக்கு 12ஏ (சங்கத்தின் வருமான வரி விலக்கு), 80ஜி பதிவுகளும் சி.எஸ்.ஆர்.-1 படிவ எண்ணும் இல்லாமல் எந்தக் கம்பெனிக் கதவையும் தட்ட வேண்டாம்.

கேள்வி: முன்பு கட்டிய கூடத்தின் கூரைக் காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது. ‘எங்கள் பணம் இப்படித்தான் போச்சு’ என்று மக்கள் புதிய நிதிக்குத் தர மறுக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— அன்பியப் பொறுப்பாளர், ராமேஸ்வரம்

பதில்: அவர்களுடைய கோபம் நியாயமானது. அதற்குப் பதில், இந்த முறை எப்படிக் கட்டப்போகிறோம் என்பதை எண்களோடு காட்டுவதே.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கும் காங்கிரீட் மூடாக்கு மெலிந்திருந்தால் உப்பு உள்ளே இறங்குகிறது. கம்பி துருப்பிடித்து, துரு கம்பியைவிடப் பல மடங்கு பருத்து, உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளக்கிறது. பெயர்ந்து விழுந்த துண்டை எடுத்துப் பாருங்கள்: கம்பி பதிந்திருந்த தடத்தில் செம்பழுப்புக் கறை ஒட்டியிருக்கும், துண்டின் தடிமன் பல இடங்களில் விரல் அளவுகூட இராது. அந்தத் துண்டைக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கடற்கரைச் சூழலுக்கு இந்தியத் தரக்குறிப்பு 456 சொல்வது: காங்கிரீட் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரம், மூடாக்கு 45 மில்லிமீட்டர், கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மிகாமல். கடல் தூவானம் நேரே படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். 0.45 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர்ச் சொச்சம். மேஸ்திரி வாளியில் ஊற்றுவது வழக்கமாக அதற்கு மேல். கலவை இளகினால் போடச் சுலபம், காய்ந்த பிறகு உள்ளே நுண்துளை, அதன் வழியே உப்பு. மூடாக்குக்கு உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்காமல் 45 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) வைக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு மொத்த மதிப்பீட்டில் கண்ணுக்கே தெரியாது.

தண்ணீரில்தான் தீவில் அதிகம் ஏமாறுகிறார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து ‘லேசா உப்பு’ என்று விட்டுவிடாமல் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கலப்பதற்கு நல்ல தண்ணீர், நனைப்பதற்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரிப்பதும் தவறு. புதுக் காங்கிரீட் மேல் ஊற்றும் உப்பும் உள்ளேதான் போகும். லாரித் தண்ணீரின் செலவை மதிப்பீட்டில் தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் மிச்சம் பிடிக்கும் முதல் இடம் அதுதான்.

ஒவ்வொரு முறை காங்கிரீட் போடும்போதும் 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சில் மாதிரி எடுத்து 28-ஆம் நாள் சோதனை அறிக்கையைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே மாத வரவு செலவும் இருக்கட்டும். இரண்டு மாதம் இது தவறாமல் நடந்தால் தர மறுத்தவர்களே வந்து கேட்பார்கள், அடுத்த தவணை எப்போது என்று.

கேள்வி: ஜூன் மாதத்தில் சேர்க்கைக்கு வரும் பெற்றோரிடம் கட்டட நிதி வாங்குவது எளிது என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
— பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், தேவிபட்டினம்

பதில்: கூடாது. சேர்க்கையோடு ஒட்டி வாங்கும் எந்தப் பணமும் நன்கொடை அல்ல. தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சிறுபான்மைப் பள்ளி என்பதால் இதற்கு விலக்கு இல்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை புதிய மாணவர் பெற்றோரிடம் இந்த நிதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். விண்ணப்பப் படிவத்தோடு நன்கொடைத் தாளை இணைக்கவும் வேண்டாம்.

கேள்வி: வகுப்பறைக்கு நன்கொடையாளர் பெயர்ப் பலகை வைத்தால் ஜி.எஸ்.டி. வருமா?
— ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: ‘இன்னார் நினைவாக இன்னார் குடும்பத்தார்’ என்று நன்றிக்காக மட்டும் எழுதினால் வராது, 2019-இல் வந்த சுற்றறிக்கை அதைத் தெளிவாக்கியிருக்கிறது. கடையின் பெயர், சின்னம், போன் நம்பர் என்று விளம்பரமாகிவிட்டால் வரும். கிரானைட் கல்லில் வெட்டுங்கள். இரும்புத் தகட்டில் எழுதிய பெயர் இந்தக் காற்றில் நிற்காது. சிறு தொகைக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு கல் வையுங்கள், அதில் தொகையைப் போடாமல் அகர வரிசையில் பெயர் மட்டும்.

கேள்வி: இரண்டு லட்சம் தருவதாக எழுதிக் கொடுத்தவரின் படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கிவிட்டது. 40,000 தந்திருக்கிறார். மீதியைக் கேட்க மனம் வரவில்லை, கணக்கிலோ நிலுவை நிற்கிறது. என்ன செய்வது?
— நிதிக் குழுச் செயலர், பாம்பன்

பதில்: கேட்காதீர்கள். முதலில் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்கள், நிதிக் குழுவாக அல்ல, பங்குக்காரர்களாக. படகு போனவர் வீட்டில் வழக்குச் செலவும் கடனும் ஒன்றாக வந்து நிற்கும். பள்ளியில் அவருடைய பிள்ளை படித்தால் கட்டணமோ சீருடையோ நிலுவை இருக்கிறதா என்று பார்த்து அதை வைப்பு நிதி வட்டியிலிருந்து தீர்க்க முடியுமா என்று யோசியுங்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, எழுதிக் கொடுத்தது கடன் பத்திரம் அல்ல. ‘காலவரையின்றி ஒத்திவைப்பு’ என்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நிலுவைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். நிலுவைதாரர் பட்டியலைப் பூசையில் வாசிக்கும் வழக்கம் உங்கள் பங்கில் இருந்தால் இந்த நிதிக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் தந்த 40,000-க்கு ரசீது போயிருக்கிறதா என்று பாருங்கள், போகாவிட்டால் இந்த வாரமே கொடுங்கள். கல்லில் வெட்டும் பெயர் வரிசையில் அவர் பெயரும் இருக்கட்டும்.